யூனிஹெட்ரான் எஸ்.கியூ.எம்-எல்: ராசிமண்டல ஒளியைத் தேடுபவர்களுக்கு எவ்வளவு பயன்?

கையடக்கமான ஒரு பெட்டி. ஒரே பொத்தான், சிவப்பு எண்கள் தெரியும் சிறு திரை, ஒரு குட்டி லென்ஸ். வானத்தை நோக்கிப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால் 21.37 என்பது போல ஓர் எண் வரும். கனடாவின் யூனிஹெட்ரான் நிறுவனம் தயாரிக்கும் எஸ்.கியூ.எம்-எல் வான் இருள்மானி செய்யும் வேலை அவ்வளவுதான். ஒளி மாசை அளப்பவர்களிடம் இது பழகிய கருவி. கோள்களுக்கு இடையே மிதக்கும் தூசில் பட்டுச் சிதறும் சூரிய ஒளியை, அதாவது ராசிமண்டல ஒளியையும், சூரியனுக்கு நேரெதிரே தெரியும் மங்கல் திட்டான கேகன்ஷைனையும் தேடுபவர்களுக்கு இது எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதே இங்கே பார்க்கப்போவது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த மீட்டர் ராசிமண்டல ஒளியைக் கண்டுபிடித்துக் கொடுக்காது. அதைக் கண்தான் செய்ய வேண்டும். அது தெரியக்கூடிய வானம் உங்கள் தலைக்கு மேல் இருக்கிறதா என்பதை மட்டும் இது சொல்லும். கொஞ்சம் பொறுமையிருந்தால், பார்த்தது தூசின் ஒளியா தூரத்து ஊரின் விளக்கொளியா என்பதையும் பிரித்துக் காட்டும். கேகன்ஷைன் விஷயத்தில் ஏறக்குறையக் கையை விரித்துவிடும். ஏன் என்பது கணக்கிலேயே தெரியும்.

மீட்டர் காட்டுவது ஒரு சதுர ஆர்க்செகண்டுக்கு எத்தனை மேக்னிட்யூட் என்ற அளவு (ஆர்க்செகண்டு என்பது டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு; மேக்னிட்யூட் என்பது வானியலில் வெளிச்சத்தின் அளவு). நட்சத்திர மேக்னிட்யூட் போலவே இதுவும் தலைகீழ்: எண் கூடினால் இருட்டு கூடுகிறது. நகர நடுவே 17, 18 என்று வரும். நிலவில்லாத, விளக்கே இல்லாத இயற்கை வானத்தின் உச்சியில் 22.0-ஐ ஒட்டி வரும். ஒரு முழு எண் வித்தியாசம் என்றால் 2.5 மடங்கு வெளிச்சம்.

தூசைப் பற்றி யோசிக்க இந்த அளவு வசதிப்படாது. பழைய வானியல் அலகான எஸ்10 இதற்குப் பொருத்தம்: ஒரு சதுர டிகிரி வானத்தில் எத்தனை 10-ஆம் மேக்னிட்யூட் நட்சத்திரங்களைத் தூவினால் அதே வெளிச்சம் வரும் என்ற எண்ணிக்கை அது. 22.0 என்பது சுமார் 205 எஸ்10. 21.5 என்றால் 325. 21.0 என்றால் 515. 20.0 என்றால் 1,300-ஐ ஒட்டி. இந்த நான்கு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாமே எளிய கூட்டல் கழித்தல்தான்.

இப்போது தூசின் பங்கைப் பாருங்கள். வால்நட்சத்திரங்கள் உதிர்த்ததும் குறுங்கோள்கள் மோதி உடைந்ததுமான இந்தத் தூசு பெரும்பாலும் கோள்கள் சுற்றும் தளத்தையே ஒட்டித் தட்டையாகப் பரவிக் கிடக்கிறது. நாமும் அதற்குள்தான் இருக்கிறோம். எனவே எந்தத் திசையில் பார்த்தாலும் கொஞ்சம் தூசு ஒளி கலந்தே வரும். சூரியப் பாதையிலிருந்து மிக விலகிய இடத்தில், அதன் துருவத்தில்கூட, சுமார் 60 எஸ்10 உண்டு. ஆக 22.0 என்று மீட்டர் காட்டும் அப்பழுக்கற்ற இருட்டிலேயே ஏறக்குறைய 30 சதவீதம் தூசின் வெளிச்சம். சூரியப் பாதையின்மேல், சூரியனிலிருந்து 135 டிகிரி தள்ளி இருக்கும் மிக மங்கலான பகுதியில் சுமார் 140. சூரியனுக்கு நேரெதிர்ப் புள்ளியில் சுமார் 180. சூரியனை நெருங்க நெருங்க இது பல மடங்கு ஏறுகிறது. அந்தியில் மேற்கிலும் விடியலுக்கு முன் கிழக்கிலும் கூம்பாக எழுவது இந்த ஏற்றம்தான். காலைக் கூம்புக்குப் 'பொய் விடியல்' என்ற பழைய பெயரும் உண்டு.

இதிலிருந்து வரும் முதல் எச்சரிக்கை: உச்சிவான எண்ணை வைத்து இடங்களை ஒப்பிடுவதில் தூசே குறுக்கே நிற்கும். நடு அட்சரேகைகளுக்கு மேலே உள்ளவர்களுக்குச் சூரியப் பாதை உச்சியிலிருந்து விலகியே ஓடும். பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ளவர்களுக்கு அது தலைக்கு நேர் மேலே போகும். அங்கே ஒளி மாசு துளியும் இல்லாத பாலைவனத்திலும் 22.0 வராமல் 21.6, 21.7 என்று நிற்கலாம். அது இடத்தின் குறையல்ல. தூசுப் பட்டையைத்தான் அளக்கிறீர்கள். இதில் பால்வீதியும் உச்சிக்கு வந்தால் எண் இன்னும் இறங்கும். மேல் வளிமண்டலம் தானாக ஒளிரும் வான்மிளிர்வு வேறு இருக்கிறது. சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் அதுவும் கூடி, அதே இடத்தின் எண்ணை மேக்னிட்யூடில் பத்தில் சில பங்கு கீழே இழுக்கும்.

இனி கருவி. உள்ளே இருப்பது டி.எஸ்.எல்237 என்ற ஒளி உணரி. விழும் ஒளியை மின்துடிப்பு வரிசையாக மாற்றுவது அதன் வேலை. வெளிச்சம் அதிகமென்றால் துடிப்பு வேகம் அதிகம். அதன் முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி வடிகட்டி. நகர வானத்தில் ஒரு நொடியில் எண் வந்துவிடும். இருட்டு கூடக்கூடத் துடிப்புகள் அரிதாகும், எண்ணி முடிக்க நேரம் பிடிக்கும். பொத்தானை அழுத்திவிட்டு, எண் வருவதற்குள் கையைத் திருப்பிப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அப்படி வந்த எண் எந்தத் திசைக்கும் சொந்தமில்லை. திரை தெரியும்வரை கை அசையக் கூடாது.

மின்சாரம் 9 வோல்ட் பேட்டரியிலிருந்து. அளவீடு முடிந்தபின் பொத்தானை மறுபடி அழுத்திப் பிடித்தால் கருவியின் வெப்பநிலையும் மாதிரி எண்ணும் வரிசை எண்ணும் வரும். அந்த வெப்பநிலையைக் குறித்துக்கொள்வது நல்லது. உணரியின் வெப்ப விலகலைக் கருவி உள்ளேயே சரிசெய்துகொள்கிறது. ஆனாலும் கதகதப்பான பையிலிருந்து எடுத்தவுடன் குளிரில் அளந்தால் முதல் சில எண்கள் ஊசலாடும். வெளியே வைத்து ஐந்து பத்து நிமிடம் ஆறவிட்டு, முதல் எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்த நான்கைந்தின் சராசரியை எடுங்கள். ஒன்றுக்கொன்று 0.02, 0.03-க்குள் நின்றால் நம்பலாம். 0.1-க்கு மேல் தாவினால் கை அசைகிறது, அல்லது மேகம் நகர்கிறது.

துல்லியம் என்று தயாரிப்பாளர் சொல்வது 10 சதவீதம், அதாவது கூட்டிக் குறைத்து 0.10 மேக்னிட்யூட். இரண்டு பேரின் மீட்டர்கள் 0.1 வேறுபட்டால் அதில் சண்டைக்கு இடமில்லை. ஒரே மீட்டரில் ஒரே இரவில் எடுத்த இரண்டு எண்களின் வித்தியாசம் அதைவிட நம்பத்தக்கது. ராசிமண்டல ஒளிக்கு நமக்குத் தேவைப்படுவதும் அந்த வித்தியாசம்தான்.

வாங்கும்போது பெயரில் உள்ள 'எல்' என்ற எழுத்தைக் கவனியுங்கள். அது லென்ஸைக் குறிக்கிறது. லென்ஸ் இல்லாத பழைய எஸ்.கியூ.எம் வானத்தில் 84 டிகிரி அகலக் கூம்பைப் பார்க்கும் (பாதி உணர்திறன் அளவில்). எல் மாதிரி பார்ப்பது 20 டிகிரி. ராசிமண்டல ஒளிக் கூம்பின் அடிப்பகுதியே 20, 30 டிகிரி அகலம்தான். 84 டிகிரிக்குள் அது கரைந்து போய்விடும். 20 டிகிரி அதற்கு அளவெடுத்தது போலப் பொருந்துகிறது. எனவே இந்த வேலைக்கு லென்ஸ் இல்லாத மாதிரி வேண்டவே வேண்டாம். யூ.எஸ்.பி. இணைப்புள்ள எல்.யூ, ஈதர்நெட் இணைப்புள்ள எல்.இ. ஆகியவற்றுக்கும் இதே 20 டிகிரிதான். அவை இரவு முழுக்க ஒரே இடத்தில் நிறுத்திப் பதிவு செய்ய ஏற்றவை. வானத்தில் அங்கும் இங்கும் திருப்பி அளக்கக் கையடக்க மாதிரியே சுலபம்.

20 டிகிரி என்றதும் அதற்கு வெளியே எதுவும் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. நடுவிலிருந்து 19 டிகிரி விலகிய ஒளிப்புள்ளியும் பத்தில் ஒரு பங்கு உணரப்படுகிறது. இங்கேதான் பெரும்பாலான அளவீடுகள் கெடுகின்றன, ஏனென்றால் தூசு கிடக்கும் அதே சூரியப் பாதையில்தான் கோள்களும் உலவுகின்றன. மைனஸ் 4 மேக்னிட்யூட் வெள்ளி மீட்டரின் நடுவில் விழுந்தால் அது மட்டுமே 1,200 எஸ்10-க்கு மேல் சேர்க்கும். 21.5 இருக்க வேண்டிய வானம் 19.8 என்று காட்டும். மைனஸ் 2.5 வியாழன் 300-க்குச் சற்று மேல், 21.5 என்பது 20.8-ஐ நெருங்கிவிடும். 20 டிகிரி தள்ளிப் பிடித்தாலும் வெள்ளியின் பாதிப்பு 0.2-க்குக் குறையாது, 40 டிகிரி தள்ளினால்தான் ஏறக்குறைய அடங்கும். ஆக வெள்ளி மாலை வானில் பளிச்சென்று இருக்கும் மாதங்களில் மேற்குக் கூம்பை மீட்டரால் அளக்கும் யோசனையை விட்டுவிடலாம். கண்ணால் பார்ப்பதற்கும் அது இடைஞ்சல்தான், ஆனால் கட்டை விரலாலோ மரக்கிளையாலோ மறைத்துவிடலாம். மீட்டருக்கு அந்தச் சலுகை இல்லை. சிரியஸ் போன்ற நட்சத்திரமும் நடுவில் இருந்தால் 120-க்கு மேல் சேர்க்கும். அதையும் ஒதுக்கியே பிடிக்க வேண்டும்.

மாலைக் கூம்பை அளக்கும் முறை இது. முதலில் நேரம்: சூரியன் தொடுவானுக்குக் கீழே 18 டிகிரி இறங்கி வானியல் அந்தி முடிய வேண்டும், அதற்கு முன் எடுத்த எண்ணில் அந்தி வெளிச்சம் இருக்கும். காலைக் கூம்பென்றால் அந்தி தொடங்கும் முன் முடித்துவிட வேண்டும். நிலவு தொடுவானுக்கு மேலே இருக்கவே கூடாது. மெல்லிய பிறையும் கெடுக்கும். பருவம்: சூரியப் பாதை தொடுவானத்தில் செங்குத்தாக நிற்கும் மாதங்கள். வட நடு அட்சரேகைகளில் மாலைக் கூம்புக்குப் பிப்ரவரி, மார்ச். காலைக்குச் செப்டம்பர், அக்டோபர். தெற்கில் மாலைக்கு ஆகஸ்ட், செப்டம்பர். காலைக்கு மார்ச், ஏப்ரல். வெப்பமண்டலத்தில் ஆண்டு முழுதும் பாதை ஓரளவு செங்குத்தாகவே இருப்பதால் பருவத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பால்வீதி மேற்கில் விழாத மாதமாகப் பார்த்துக்கொண்டால் போதும்.

கருவியைக் கைபேசி மாட்டும் கவ்வியில் ரப்பர் பட்டையால் கட்டி முக்காலியில் ஏற்றுங்கள். சாய்வுமானியால் கோணத்தை வையுங்கள். தொடுவானுக்கு மேல் 25 டிகிரிக்குக் கீழே போக வேண்டாம். அதற்குக் கீழே தொடுவான ஒளியும் நிலமும் பார்வைக்குள் வந்துவிடும். 30 டிகிரி உயரத்தில் கூம்பின் அச்சை நோக்கி ஐந்து எண்கள். பிறகு அதே 30 டிகிரி உயரத்திலேயே வலப்பக்கம் 50 டிகிரி திருப்பி ஐந்து, இடப்பக்கம் 50 டிகிரி திருப்பி ஐந்து. ஒப்பீடு அதே உயரத்தில் நடக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். கூம்பை 30 டிகிரியில் அளந்து உச்சிவானத்தோடு ஒப்பிடுபவர்கள் உண்டு; அது வீண். 30 டிகிரியில் காற்றின் தடிமன் உச்சியைப்போல் இரு மடங்கு, 20 டிகிரியில் ஏறக்குறைய மூன்று மடங்கு. கீழே வர வர வான்மிளிர்வும் கூடுகிறது, ஒளி மறைப்பும் கூடுகிறது. இந்த இரண்டும் கலந்த வித்தியாசத்தைத் தூசின் கணக்கில் எழுதக் கூடாது.

உதாரணமாக அச்சில் 20.95, இரு பக்கங்களின் சராசரி 21.50 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.55. பத்தின் அடுக்காக 0.4 பெருக்கல் 0.55 போட்டால் 1.66. அதாவது கூம்பின் அச்சு பக்கவானத்தைவிட மூன்றில் இரு பங்கு கூடுதல் வெளிச்சம். இந்த அளவு வித்தியாசம் இருந்தால் பழகாத கண்ணுக்கும் கூம்பு பளிச்சென்று தெரியும். 0.2-க்குள் இருந்தால் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் 21.5, மறுபக்கம் 21.0 என்று வந்தால் அங்கே ஏதோ ஊரின் ஒளிக்குவிமாடம், அதாவது அதன் விளக்குகள் தொடுவானத்தில் எழுப்பும் வெளிச்சம் இருக்கிறது. அந்தச் சராசரிக்குப் பொருளே இல்லை.

ஒளிக்குவிமாடமா கூம்பா என்ற சந்தேகத்தைத் தீர்ப்பதில்தான் இந்த மீட்டர் தன் மதிப்பைக் காட்டுகிறது. அதே மூன்று அளவீடுகளை ஒரு மணி நேரம் கழித்து, அதே திசைகளில், முக்காலியை நகர்த்தாமல் திரும்ப எடுங்கள். அதற்குள் வானம் 15 டிகிரி சுழன்றிருக்கும், சூரியன் இன்னும் ஆழத்துக்குப் போயிருக்கும். அதே 30 டிகிரி உயரம் இப்போது சூரியனிலிருந்து இன்னும் தொலைவில் உள்ள, மங்கலான தூசைக் காட்டும். கூம்பென்றால் அச்சுக்கும் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகச் சுருங்கும். ஊர் விளக்கென்றால் அப்படியே நிற்கும். கண்ணுக்கும் ஒரு சோதனை உண்டு: குவிமாடம் தொடுவானத்தில் சமச்சீராகக் கவிழ்ந்திருக்கும்; கூம்பு சூரியப் பாதையின் சாய்வோடு சாயும், அதன் நுனி நட்சத்திரங்களோடு சேர்ந்து நகரும். ஆனால் மங்கலான வானத்தில் கண்ணுக்குப் பிடிவாதம் அதிகம். பார்க்க வந்ததைப் பார்த்தே தீருவேன் என்று நிற்கும். எண் அப்படி நிற்காது.

கேகன்ஷைனுக்கு வருவோம். சூரியனுக்கு நேரெதிரே உள்ள தூசுத் துகள்கள் பௌர்ணமி நிலவைப்போல முழு முகம் காட்டி, வந்த வழியே ஒளியைத் திருப்புவதால் தோன்றும் மங்கலான நீள்வட்டத் திட்டு. இந்த ஜெர்மன் பெயர் இயற்கை அறிஞர் ஹம்போல்ட்டிடமிருந்து வந்தது. 1854-இல் டென்மார்க் வானியலாளர் பிரோர்சன் இதை ஆராய்ந்தார். சுமார் 10 டிகிரி அகலம். இதன் உச்சி 180 எஸ்10, பக்கத்துத் தூசுப் பட்டை 140: மிச்சம் வெறும் 40. நல்ல இருளில் வான்மிளிர்வு, பட்டை எல்லாம் சேர்த்து மொத்தம் 320 என்று வைத்தால் 12 சதவீதக் கூடுதல். 20 டிகிரி பார்வையில் அந்த உச்சி சராசரியாகித் தேய்ந்துவிடும். மீட்டருக்குக் கிடைப்பது ஏறக்குறைய பாதிதான், அதாவது 0.06 மேக்னிட்யூட். கருவியின் உத்தரவாதத் துல்லியமே 0.10. எதிர்ப்புள்ளியிலும், சூரியப் பாதையில் கிழக்கே 40, மேற்கே 40 டிகிரியிலும் மாறி மாறிப் பத்துப் பத்து எண்கள் எடுத்தால் சராசரியில் அது எட்டிப் பார்க்கலாம். ஆனால் பக்கப் புள்ளிகள் தாழ்ந்த உயரத்தில் இருப்பதால் காற்றும் வான்மிளிர்வும் அதே அளவு வித்தியாசத்தைத் தாமே உண்டாக்கிவிடும். வந்த 0.06 எதனுடையது என்று சொல்ல முடியாது. இதில் மீட்டரைச் சாட்சிக்கு அழைக்காமல் இருப்பதே நல்லது.

வேறொரு வகையில் அது இங்கும் உதவும். இடத்தின் ஒளி மாசு ஏற ஏற அந்த 40-இன் பங்கு எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். 20.5 வானத்தில் 5 சதவீதம், 20.0-இல் 3 சதவீதம். பரந்த மங்கல் ஒளியில் அவ்வளவு சிறிய வேற்றுமையைக் கண் பிரிப்பது மிகக் கடினம். எனவே நடைமுறை விதி: எதிர்ப்புள்ளியை நோக்கிய எண் 21.3-க்குக் கீழே இருந்தால் கேகன்ஷைன் தேடி இரவை வீணாக்க வேண்டாம். 21.5 வந்தால் முயலலாம். கூம்புக்கு இவ்வளவு கறார் இல்லை. 20.5-இலிருந்து 21.0 வரையான இடங்களில் சரியான பருவத்தில் அடிப்பகுதி மட்டும் மசமசவென்று தெரியும், 21.3-ஐத் தாண்டினால் வடிவத்தோடு எழும். 2001-இல் ஜான் போர்ட்டில் வெளியிட்ட, வானத்தின் இருட்டைத் தரம் பிரிக்கும் ஒன்பது படி அளவுகோலும் (முதல் படியே மிக இருட்டு) ஏறத்தாழ இதையே சொல்கிறது: ஐந்தாம் படியில் நல்ல இரவுகளில் குறிப்பு மட்டும், நான்காம் படியில் உச்சிக்குப் பாதி தூரம்கூட எட்டாத கூம்பு, முதல் படியில் முழுப் பட்டையும் கேகன்ஷைனும்.

எதிர்ப்புள்ளியைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. சூரியனின் வல ஏற்றத்தோடு (வானத்தின் தீர்க்கரேகை போன்றது) 12 மணி கூட்டி, நடுவரை விலக்கத்தின் (வானத்தின் அட்சரேகை போன்றது) குறியை மாற்றினால் அதுதான். ஸ்டெல்லேரியம் மென்பொருளில் எதிர்ச்சூரியப் புள்ளியை நேரடியாகக் குறித்துக் காட்டும் வசதியும் உண்டு. கடிகார நள்ளிரவில் இல்லாமல், சூரியன் தொடுவானுக்குக் கீழே மிக ஆழத்தில் இருக்கும் சூரிய நள்ளிரவில் அது மிக உயரத்தில் இருக்கும். நேர மண்டலத்தைப் பொறுத்து இரண்டுக்கும் ஒரு மணி நேரம்கூட வேறுபடலாம். டிசம்பரிலும் ஜூனிலும் அந்தப் புள்ளி பால்வீதிக்குள் விழுந்துவிடும். அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். மீனமும் சிம்மமும் பின்னணியாக அமையும் செப்டம்பர் முதல் நவம்பர் தொடக்கம் வரை, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஆகியவை உகந்தவை. எதிர்நிலையில் உள்ள வியாழனோ செவ்வாயோ சரியாக அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும் ஆண்டுகளும் உண்டு. அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்க்கும்போது அரை மணியிலிருந்து 40 நிமிடம் கண்ணை இருளுக்குப் பழக்கி, நேராக உற்றுப் பார்க்காமல் ஓரப்பார்வையில் தலையை மெல்ல இடவலமாக ஆட்ட வேண்டும். அசையும் மங்கல் கண்ணில் பிடிபடும், அசையாதது மறைந்துவிடும். இங்கே மீட்டரின் சிவப்புத் திரையே எதிரி. இருட்டில் அது தானே மங்கிக்கொண்டாலும், இருளுக்கு முழுதாகப் பழகிய கண்ணுக்கு அந்த வெளிச்சமும் அதிகம். திரைமேல் கருஞ்சிவப்புத் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டிவிடுங்கள். அல்லது அளக்க ஒருவர், பார்க்க ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இருட்டான இடங்களில் மீட்டர் ஒரு விதத்தில் நம்மைப் புகழ்ந்து ஏமாற்றும். நகரத்தில் மேகம் வந்தால் எண் இறங்கும், ஏனென்றால் மேகம் விளக்கொளியைத் திருப்பி அனுப்புகிறது. விளக்கே இல்லாத இடத்தில் மேகம் நட்சத்திரங்களையும் வான்மிளிர்வையும் தூசு ஒளியையும் மறைத்துவிடுவதால் எண் ஏறும். 22.2, 22.4 என்று வந்தால் மகிழ்ச்சியடைவதற்கு முன் மேலே பாருங்கள். பெரும்பாலும் மேகம், இல்லையென்றால் லென்ஸில் பனி. லென்ஸில் ஈரம் படிந்தாலும் ஒளி குறைந்து வானம் பொய்யாக இருண்டுவிடும். ஈரப்பதமுள்ள இரவுகளில் அளவீட்டுக்கு இடையே லென்ஸைக் கீழ்நோக்கிக் கவிழ்த்து வையுங்கள். வாயால் ஊதித் துடைத்தால் இன்னும் படியும். மரம், கட்டடம், பக்கத்தில் நிற்பவரின் தலை எதுவும் பார்வைக்குள் வரக் கூடாது. அவையும் எண்ணை ஏற்றும்.

எல்.ஈ.டி. தெருவிளக்குகள் பரவியபின் மீட்டருக்கும் கண்ணுக்கும் இடையே ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. இருளில் கண் நீலம் பக்கமாகச் சாய்கிறது. மீட்டரின் உணர்திறன் அப்படிச் சாய்வதில்லை. சோடியம் விளக்கை வெள்ளை எல்.ஈ.டி. ஆக்கிய இடத்தில் மீட்டர் எண் பெரிதாக மாறாமல், ஏன் இருண்டதாகவே காட்டினாலும்கூட, கூம்பு முன்பைவிட மங்கியிருக்கலாம். பழைய பதிவுகளோடு ஒப்பிடும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

கேமராவோடு ஒப்பிட்டால்? அகலக் கோண லென்ஸ், எஃப்/2.8, 20 முதல் 30 நொடி, ஐ.எஸ்.ஓ. 3200: கூம்பு சுலபமாகப் பதிவாகும். கேகன்ஷைனும் பதிவாகும், ஆனால் லென்ஸின் ஓர இருட்டு படத்தின் நடுவே ஒரு மங்கல் திட்டை உண்டாக்கி அதையே கேகன்ஷைன் என்று நம்ப வைக்கும். சமதள ஒளிப்படம் (ஒரே சீரான வெளிச்சத்தை அதே லென்ஸில் எடுத்த படம்) எடுத்துத் திருத்தாமல் எந்தப் படத்தையும் நம்ப வேண்டாம். எளிய சோதனை: எதிர்ப்புள்ளி படத்தின் ஓரத்தில் விழும்படி இன்னொரு படம் எடுங்கள். திட்டு நடுவிலேயே நின்றால் அது லென்ஸின் வேலை.

குறைகள் என்று பார்த்தால்: கையடக்க மாதிரி எடுத்த எண்களைச் சேமிக்காது, சராசரி போடாது, எல்லாம் தாளில் எழுத வேண்டும். எங்கே குறி வைக்கிறோம் என்று காட்ட எதுவும் இல்லை. ஒரு குச்சியையோ பேனாவையோ பக்கவாட்டில் ஒட்டி, அதன் வழியே நட்சத்திரத்தைப் பார்த்துக் குறி வைக்கலாம். இவை பொறுத்துக்கொள்ளக்கூடியவைதான். ராசிமண்டல ஒளியை வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும் என்பவர்களுக்கு இது தேவையில்லை: ஒளி மாசு வரைபடமும் நிலவு அட்டவணையும் போதும். பல இடங்களைத் தேடி அலைபவர்களுக்கும், பருவம் பருவமாகக் கூம்பைப் பதிவு செய்ய விரும்புபவர்களுக்கும் இது செலவுக்கேற்ற கருவி.

பதிவேட்டில் எண்ணை மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்து அது எதற்கும் உதவாது. தேதி, நேரம் (நேர மண்டலத்தோடு), உயரக் கோணம், திசை, கருவியின் வெப்பநிலை, அப்போது 40 டிகிரிக்குள் இருந்த பிரகாசமான கோள், பால்வீதி எந்தப் பக்கம் என்பது, மீட்டரின் வரிசை எண்: இவற்றையும் எழுதுங்கள். கடைசியில் சொன்னதை எல்லோரும் மறக்கிறார்கள். மீட்டரை மாற்றிய அன்று வானம் 0.1 இருண்டதாகவோ வெளுத்ததாகவோ பதிவாகும்.